‘சிஐ கனெக்ட் ஆயிடுச்சு’ என்றால் என்ன ஆகியிருக்கிறது?

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருவர் சென்ற மாதம் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு என் மேஜைக்கு வந்தார். “அக்கா, ஜென்கின்ஸையும் கிட்ஹபையும் கனெக்ட் பண்ணிட்டேன். ‘பில்ட் நவ்’ அமுக்கினா நல்லா ஓடுது. ஆனா புஷ் பண்ணா ஒண்ணுமே நடக்க மாட்டேங்குது. எங்க தப்புன்னு தெரியல.”

கிட்ஹப் என்பது நாங்கள் எழுதும் நிரலை வைத்திருக்கும் சேவை. ஜென்கின்ஸ் அந்த நிரலை எடுத்துத் தானாகச் சோதித்துப் பார்க்கும் கருவி, அதாவது சிஐ. புஷ் என்பது புது மாற்றத்தைக் கிட்ஹபுக்கு அனுப்புவது. அவர் பெரிதாக ஒன்றும் தப்பு செய்யவில்லை. ‘கனெக்ட்’ என்ற சொல்தான் குழப்பம். டிவியையும் செட்டாப் பாக்ஸையும் ஒரு ஒயரால் இணைப்பதுபோல் இதையும் நினைத்துக்கொள்கிறோம்: செருகினால் படம் வரும், பிடுங்கினால் போய்விடும். இங்கே ஒயர் ஒன்றல்ல. மூன்று தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு வேலைக்கானது, வேறு சாவியால் திறக்கிறது. ஒன்று வேலை செய்தால் மற்ற இரண்டும் வேலை செய்யும் என்று பொருளில்லை. இந்த ஒரு விஷயம் பிடிபட்டுவிட்டால் பாதித் தலைவலி போய்விடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அச்சகமும் பிழைதிருத்துபவரும்

ஒரு பழைய அச்சகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பல பேர் சேர்ந்து ஒரே புத்தகத்தை எழுதுகிறார்கள். கையெழுத்துப் பிரதிகள் எல்லாம் அச்சகத்து அலமாரியில் இருக்கின்றன. யார் எந்தப் பக்கத்தை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ஒரு பதிவேடும் உண்டு. பிழைதிருத்துபவர் அடுத்த தெருவில், தன் வீட்டில் இருக்கிறார்.

அந்த அலமாரிதான் கிட்ஹப். 2008-இல் வந்த சேவை. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் எழுதிய ‘கிட்’ என்ற மென்பொருளின் மேல் நிற்கிறது. அலமாரியின் ஒரு தட்டுக்கு, அதாவது ஒரு திட்டத்தின் கோப்புகளும் அவற்றின் வரலாறும் சேர்ந்த தொகுப்புக்கு, ரெப்போ என்று பெயர். ஒரு மாற்றத்தைப் பதிவேட்டில் ஏற்றுவது கமிட். ஏற்றியதை நம் கணினியிலிருந்து அலமாரிக்கு அனுப்புவது புஷ்.

பிழைதிருத்துபவர்தான் சிஐ. தமிழில் தொடர் ஒருங்கிணைப்பு. பலர் எழுதும் நிரலை மாதக் கடைசியில் ஒன்றாகக் கொட்டி ஒட்டிப் பார்க்காமல், ஒவ்வொரு சின்ன மாற்றம் வந்தவுடனேயே முழுவதையும் சேர்த்துக் கட்டி, சோதனைகளை ஓட்டிப் பார்ப்பது என்பது இதன் கருத்து. அப்படி ஒருமுறை கட்டி ஓட்டுவது ஒரு பில்ட். 1990-களின் கடைசியில் ‘எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங்’ என்ற வேலைமுறையோடு இந்தப் பழக்கம் பரவியது. இதைத் தானாகச் செய்யும் கருவிகளில் ஜென்கின்ஸ் மூத்த தலைமுறை. கோசுகே கவாகுச்சி, சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்தபோது ‘ஹட்சன்’ என்ற பெயரில் தொடங்கியது அது. 2011-இல் பிரிந்து ஜென்கின்ஸ் ஆனது.

இரண்டும் வேறு வேறு ஆட்கள் எழுதியவை, வேறு வேறு கணினிகளில் ஓடுபவை என்பதைக் கவனியுங்கள். ஒன்றுக்கு மற்றதைப் பிறவியிலேயே தெரியாது. அலமாரியில் புதுப் பக்கம் வந்தது பிழைதிருத்துபவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தபின் பூட்டிய அலமாரியை அவர் எப்படித் திறப்பார்? படித்து முடித்தபின் ‘சரி’ அல்லது ‘தவறு’ என்று எங்கே, யார் அனுமதியோடு எழுதுவார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் மூன்று பதில்கள். அவைதான் அந்த மூன்று வழிகள்.

முதல் வழி: செய்தி வந்து சேர்வது

ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று தெரிய இரண்டு வழி உண்டு. தினமும் பையை எடுத்துக்கொண்டு போய், “அண்ணே, வந்துருச்சா?” என்று கேட்டுத் திரும்பலாம். அல்லது கடைக்காரரிடம் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு, சரக்கு இறங்கியதும் கூப்பிடச் சொல்லலாம்.

போய்ப் போய்க் கேட்பது போலிங். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘புதுக் கமிட் இருக்கிறதா’ என்று ஜென்கின்ஸ் கிட்ஹபிடம் கேட்கும். எளிது, ஆனால் வீண் நடை அதிகம். ஜென்கின்ஸில் 200 வேலைகள் (ஒரு திட்டத்தை எப்படிக் கட்டி ஓட்டுவது என்ற அமைப்புக்கு அங்கே ‘வேலை’ என்று பெயர்) இருக்கும் அலுவலகத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் மணிக்கு 2,400 கேள்விகள். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ‘இல்லை’ என்றே பதில் வரும்.

கடைக்காரர் கூப்பிடுவது வெப்ஹுக். ஜெஃப் லிண்ட்சே 2007-இல் வைத்த பெயர் இது. ‘ஏதாவது நடந்தால் இந்த இணைய முகவரிக்குத் தகவல் அனுப்பு’ என்று கிட்ஹபில் ஒரு முகவரியை எழுதி வைக்கிறோம். யாராவது புஷ் செய்தவுடன் கிட்ஹப் அந்த முகவரிக்கு ஒரு செய்தியை அனுப்புகிறது: எந்த ரெப்போ, எந்தக் கிளை (ஒரே ரெப்போவுக்குள் தனியாக வளரும் ஒரு வடிவம்), எந்தக் கமிட், யார் அனுப்பியது. பெறுகிறவர் பத்து நொடிக்குள் ‘கிடைத்தது’ என்று பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தோல்வி என்று குறித்துக்கொள்ளும். தோற்ற செய்தியைக் கிட்ஹப் தானாக மறுபடி அனுப்பாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. வெப்ஹுக் பக்கத்தில் அண்மையில் அனுப்பியவற்றின் பட்டியல் இருக்கும். அதில் நாமே போய் மறுபடி அனுப்பு என்று அமுக்க வேண்டும்.

இப்போது திசையைப் பாருங்கள். இந்தச் செய்தி வெளியிலிருந்து சிஐ-யை நோக்கி வருகிறது. உங்கள் ஜென்கின்ஸ் உங்கள் மடிக்கணினியிலோ அலுவலக உள்வலைக்குள்ளோ இருந்தால், வெளியே இருக்கும் கிட்ஹபுக்கு அந்த வீட்டு வாசலே தெரியாது. ஆனால் உள்ளே இருந்து வெளியே போக ஜென்கின்ஸுக்குத் தடையில்லை. அதனால்தான் ‘பில்ட் நவ்’ அமுக்கினால் ஓடுகிறது, புஷ் செய்தால் ஓடுவதில்லை. பொத்தானை அமுக்கும்போது இந்த முதல் வழியை நாம் தொடுவதே இல்லை. வெளியாட்கள் உள்ளே வர முடியாத இடத்தில் போலிங்தான் நேர்மையான தேர்வு. அது பழைய முறை என்று யாராவது சொன்னால் பொருட்படுத்த வேண்டாம்.

எங்கள் ஜென்கின்ஸுக்கு வெளி முகவரி இருந்தது. ஆகவே அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து வெப்ஹுக்கை அமைத்தோம். முகவரியைத் தட்டினார், சேமித்தார், புஷ் செய்தார். ஒன்றும் நடக்கவில்லை. அனுப்பியவை பட்டியலைத் திறந்தால் வரிசைக்கு முன்னால் சிவப்புக் குறி, பதில் எண் 302. ‘நான் இங்கே இல்லை, வேறு முகவரிக்குப் போ’ என்பது 302-இன் பொருள். முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தோம். ஜென்கின்ஸின் பெயர், சாய்கோடு, பிறகு கிட்ஹப்-வெப்ஹுக் என்ற சொல். அதோடு முடிந்திருந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னாலும் ஒரு சாய்கோடு வேண்டும். ஒரே ஒரு கோடு! அதைச் சேர்த்து மறுபடி அனுப்பியதும் பதில் 200 ஆனது, பச்சைக் குறி வந்தது.

ஆனாலும் பில்ட் ஓடவில்லை. செய்தி வாசல்வரை வந்துவிட்டது, யாருக்கு என்று ஜென்கின்ஸுக்குத் தெரியவில்லை. அந்த வேலையின் அமைப்புப் பக்கத்தில் ‘கிட்ஹபிலிருந்து செய்தி வந்தால் தொடங்கு’ என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டோம், புஷ் செய்தோம், ஓடியது. அந்தக் கட்டத்தின் பெயரிலேயே போலிங் என்ற சொல்லும் இருக்கும். காரணம் இருக்கிறது. வெப்ஹுக் வந்ததும் ஜென்கின்ஸ் அதை அப்படியே நம்பிப் பில்டைத் தொடங்குவதில்லை. அதை வாசல் மணியாக மட்டும் எடுத்துக்கொண்டு, தானே ஒருமுறை போய்ப் புதுக் கமிட் உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தொடங்குகிறது. கடைக்காரர் போன் செய்தாலும் நாம் போய்ப் பார்த்துத்தானே வாங்குகிறோம்.

இங்கே சாவி என்று ஒன்று உண்டா? உண்டு. முகவரி தெரிந்த யார் வேண்டுமானாலும் போலிச் செய்தி அனுப்பலாம் அல்லவா? அதற்காக இரு பக்கமும் ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்கின்றன. கிட்ஹப் அந்தச் சொல்லையும் செய்தியையும் சேர்த்துக் கணக்கிட்டு ஒரு கையொப்பத்தை உடன் அனுப்பும். பெறுகிறவர் அதே கணக்கைப் போட்டு ஒப்பிடுவார். உறையின் மேல் வைக்கும் அரக்கு முத்திரை போல. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் முத்திரை பொருந்தாது. இந்த ரகசியச் சொல்லைக் காலியாக விட்டாலும் எல்லாம் ஓடும். ஓடுகிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள்.

இதுவரை: புதுக் கமிட் வந்தது சிஐ-க்குத் தெரிவது முதல் வழி. போய்க் கேட்டால் போலிங், வந்து சொன்னால் வெப்ஹுக். வெப்ஹுக் வெளியிலிருந்து உள்ளே வருவது. செய்தி மட்டுமே வருகிறது, நிரல் வருவதில்லை.

இரண்டாம் வழி: நிரலை எடுத்து வருவது

வெப்ஹுக் வழியாக நம் நிரலே சிஐ-க்குப் போகிறது என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படியில்லை. ‘ஏழாம் அத்தியாயம் மாறியிருக்கிறது’ என்று அச்சகத்துப் பையன் வந்து சொல்கிறான். அத்தியாயத்தை எடுக்கப் பிழைதிருத்துபவர்தான் அலமாரிக்கு வர வேண்டும். இந்தப் பயணம் சிஐ-யிலிருந்து கிட்ஹபை நோக்கி. ரெப்போ எல்லோருக்கும் திறந்ததாக இருந்தால் சாவி வேண்டாம். பூட்டியதாக இருந்தால் வேண்டும்.

முன்பெல்லாம் தன் சொந்தக் கணக்கின் கடவுச்சொல்லையே சிஐ-யில் தட்டி வைப்பார்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி, வண்டிச் சாவி எல்லாம் உள்ள கொத்தையே பால்காரரிடம் கொடுப்பது போன்ற செயல் அது. 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட் வேலைகளுக்குக் கணக்குக் கடவுச்சொல்லைக் கிட்ஹப் ஏற்பதில்லை. இப்போது கையில் உள்ளவற்றில் முக்கியமானவை மூன்று.

டிப்ளாய் கீ என்பது ஒரே ஒரு ரெப்போவை மட்டும் திறக்கும் சாவி. நாமாக எழுதும் உரிமை கொடுத்தாலொழிய வாசிக்க மட்டுமே முடியும். தொலைந்தாலும் சேதம் ஒரு அறையோடு நிற்கும்.

பெர்சனல் ஆக்ஸஸ் டோக்கன் என்பது ஓர் ஆளின் பெயரில் வெட்டிய சாவி. அந்த ஆளால் எங்கெல்லாம் போக முடியுமோ, டோக்கனில் கொடுத்த உரிமைக்கு உட்பட்டு, அங்கெல்லாம் அதுவும் போகும். இதில் எனக்குப் பெரிய மனக்குறை உண்டு. அந்த ஆள் வேலையை விட்டுப் போய், நிறுவனம் அவர் அனுமதியை நீக்கிய நாளில் எல்லாப் பில்டும் நின்றுவிடும். ஏன் நின்றது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆகும். இதை நான் பார்த்திருக்கிறேன்.

கிட்ஹப் ஆப் என்பது ஓர் ஆளின் பெயரில் இல்லாமல், ‘பிழைதிருத்துபவர்’ என்ற பொறுப்பின் பெயரிலேயே வழங்கும் அடையாள அட்டை. எந்த ரெப்போக்கள், என்ன உரிமை என்று தனித்தனியாகக் குறிக்கலாம். வேலை நேரத்தில் அது பெறும் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகிவிடும். அமைப்பது சற்றுச் சுற்றுவழி. ஆனாலும் குழுவாக வேலை செய்பவர்கள் இதைத்தான் எடுக்க வேண்டும் என்பேன்.

அந்தப் பெண் டிப்ளாய் கீ போட்டிருந்தார். நல்ல தேர்வு. அவர் ‘கனெக்ட் ஆயிடுச்சு’ என்று சொன்னது முழுக்க இந்த இரண்டாம் வழியைப் பற்றித்தான். ஜென்கின்ஸின் அமைப்புப் பக்கத்தில் ரெப்போ முகவரியின் கீழே சிவப்பு எச்சரிக்கை மறைந்ததும், எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிட்டார். அந்த எச்சரிக்கை மறைந்தால் அலமாரி திறக்கிறது என்று பொருள். அவ்வளவே.

மூன்றாம் வழி: முடிவை எழுதி வைப்பது

புஷ் செய்ததும் பில்ட் ஓடியது, ஜென்கின்ஸில் பச்சை வந்தது. மகிழ்ச்சியோடு கிட்ஹபைத் திறந்தார். புல் ரிக்வெஸ்டில் ஒரு குறியும் இல்லை. புல் ரிக்வெஸ்ட் என்பது ‘என் மாற்றத்தை முதன்மைக் கிளையில் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்ற விண்ணப்பம். பார்வையிடுபவர்கள் வந்து நிற்கும் இடம் அது. பிழைதிருத்துபவர் தன் வீட்டு நோட்டில் ‘சரி’ என்று எழுதிவிட்டார், அச்சகத்தில் இருப்பவர்களுக்கு எப்படித் தெரியும்?

கிட்ஹபில் ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 எழுத்துகளில் ஓர் அடையாள எண் உண்டு. சிஐ அந்த எண்ணைச் சொல்லி, ‘இந்தக் கமிட்டுக்கு என் முடிவு இது’ என்று கிட்ஹபில் பதிய வேண்டும். இதற்குக் கமிட் ஸ்டேட்டஸ் என்று பெயர். நான்கே நிலைகள்: நடக்கிறது, வெற்றி, தோல்வி, கோளாறு. கடைசி இரண்டும் ஒன்றல்ல. சோதனை ஓடி நிரலில் தவறு கண்டால் தோல்வி. சோதனையையே ஓட்ட முடியாமல் போனால், வட்டில் இடமில்லை என்பது போன்றவை, கோளாறு. முன்னதற்கு நிரல் எழுதியவர் பொறுப்பு, பின்னதற்குச் சிஐ-யைப் பார்த்துக்கொள்பவர்.

இந்தப் பயணமும் சிஐ-யிலிருந்து கிட்ஹபுக்குத்தான். ஆனால் சாவி வேறு. டிப்ளாய் கீ கிட் வேலைகளுக்கு மட்டுமே உதவும், ஸ்டேட்டஸ் எழுத அதற்கு வழியே இல்லை. ஸ்டேட்டஸ் எழுதும் உரிமையுள்ள டோக்கன் ஒன்றைத் தனியாகக் கொடுத்தோம், முடிவைக் கிட்ஹபுக்கு அனுப்பும் படியையும் வேலையில் சேர்த்தோம். அடுத்த புஷ்ஷில் கமிட்டின் பக்கத்தில் ஒரு சின்ன மஞ்சள் புள்ளி தோன்றியது. இரண்டு நிமிடம் கழித்து அது பச்சை டிக் ஆனது. “அக்கா, வந்துருச்சு!” என்று அவர் சொன்னதைக் கேட்டுப் பக்கத்து மேஜைக்காரரும் எட்டிப் பார்த்தார். மணி ஐந்தாகியிருந்தது.

சுருக்கமாக: செய்தி உள்ளே வருகிறது, நிரலைச் சிஐ போய் எடுக்கிறது, முடிவைச் சிஐ போய் எழுதுகிறது. கிட்ஹப் ஆக்ஷன்ஸ் போன்று அலமாரிக்காரரே நடத்தும் சிஐ-யிலும் இவை மூன்றும் நடக்கின்றன. பிழைதிருத்துபவர் அச்சகத்துக்குள்ளேயே குடியிருப்பதால் நம் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தற்காலிகச் சாவியை அது தானே வெட்டி, வேலை முடிந்ததும் செல்லாததாக்கிவிடும்.

பச்சை எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

சிவப்பு வந்தால் யாரும் மெர்ஜ் செய்ய, அதாவது மாற்றத்தை முதன்மைக் கிளையில் சேர்க்க, முடியாது என்பது பரவலான நம்பிக்கை. ஸ்டேட்டஸ் என்பது வெறும் அறிவிப்பு. தடுக்கும் வேலை, கிளைப் பாதுகாப்பு என்ற வேறோர் அமைப்புடையது. ‘இந்தப் பெயருள்ள சோதனை வெற்றி பெற்றால்தான் சேர்க்கலாம்’ என்று அங்கே விதி எழுத வேண்டும். விதி சோதனையின் பெயரைத்தான் பார்க்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள். சிஐ-யில் யாரோ சோதனையின் பெயரை மாற்றிவிட்டால், பழைய பெயரில் முடிவு வரும் வரும் என்று கிட்ஹப் காத்துக்கொண்டே இருக்கும். புல் ரிக்வெஸ்ட் மஞ்சளிலேயே நிற்கும். எல்லாச் சோதனையும் பச்சையாக இருந்தும் மெர்ஜ் பொத்தான் திறக்கவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது பெயரைத்தான்.

இன்னொன்று, பச்சை ஒரு குறிப்பிட்ட கமிட்டுக்கு உரியது. நேற்றுப் பச்சை வாங்கிய புல் ரிக்வெஸ்டை இன்று சேர்க்கப் போகிறீர்கள், நடுவில் முதன்மைக் கிளையில் வேறு நான்கு மாற்றங்கள் ஏறிவிட்டன என்றால், இந்தச் சேர்க்கையை யாரும் சோதிக்கவில்லை. முதன்மைக் கிளையோடு ஒத்துக்கொண்ட பிறகே சேர்க்க வேண்டும் என்று விதி போடும் வசதி இதற்காகத்தான் இருக்கிறது.

சாவிகளைப் பற்றி

மற்ற எதையும் விட இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சிஐ என்பது அடுத்தவர் எழுதிய நிரலை நம் கணினியில் ஓட்டும் இயந்திரம். திறந்தநிலைத் திட்டங்களில் முன்பின் தெரியாதவர்கூட ரெப்போவை நகலெடுத்து, மாற்றி, புல் ரிக்வெஸ்ட் அனுப்பலாம். அவர் எழுதிய ‘சோதனை’ சிஐ-க்குள் ஓடும்போது, அங்கே வைத்திருக்கும் சாவிகளையெல்லாம் எல்லோரும் பார்க்கும் பில்ட் பதிவில் அச்சிட்டுவிட்டால்? அதனால்தான் அத்தகைய புல் ரிக்வெஸ்டுகளுக்குச் சாவிகளைக் கொடுப்பதில்லை என்பதைச் சிஐ சேவைகள் விதியாக வைத்திருக்கின்றன. டிராவிஸ் சிஐ என்ற சேவையில் இந்த விதி 2021 செப்டம்பர் 3 முதல் 10 வரை சரியாக வேலை செய்யவில்லை. திறந்த ரெப்போக்களின் ரகசியங்கள் வெளியார் அனுப்பிய பில்டுகளுக்குக் கிடைக்கும் நிலையில் இருந்தன. வெளியாரின் புல் ரிக்வெஸ்ட் முழுச் சாவிகளோடு ஓடட்டும் என்று வசதிக்காகத் திறந்துவிடும் அமைப்புகளும் உண்டு. என்னவென்று முழுதாகப் புரியாமல் அவற்றைத் தொட வேண்டாம்.

நம் பக்கம் எல்லாம் சரியாக இருந்தாலும் சாவி வைத்திருப்பவர் பக்கம் திருடு போகலாம். செயலிகளை இணையத்தில் ஓட்டித் தரும் ஹெரோகுவுக்கும் டிராவிஸ் சிஐ-க்கும் வழங்கப்பட்ட டோக்கன்கள் திருடப்பட்டு, அவற்றைக் கொண்டு பல நிறுவனங்களின் ரெப்போக்கள் தரவிறக்கப்பட்டதாக 2022 ஏப்ரலில் கிட்ஹப் அறிவித்தது. 2023 ஜனவரியில் சர்க்கிள்சிஐ என்ற இன்னொரு சிஐ சேவை தன் வாடிக்கையாளர்கள் அனைவரையும், தன்னிடம் வைத்திருக்கும் எல்லா ரகசியங்களையும் மாற்றிவிடும்படி கேட்டுக்கொண்டது. அப்படி ஓர் அறிவிப்பு வரும் இரவில், எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்திருப்பவர்கள் ஒரு மணி நேரத்தில் மாற்றிவிட்டுத் தூங்கப் போவார்கள். மற்றவர்களுக்கு அன்று தூக்கம் இல்லை.

ஆகவே ஒவ்வொரு வழிக்கும் தனிச் சாவி, அந்த வழிக்கு வேண்டிய உரிமை மட்டும். அன்று மாலை வேலை முடிந்ததும் அந்தப் பெண்ணும் நானும் எங்கள் நிறுவனத்தின் கிட்ஹப் அமைப்புகளில், இதுவரை யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறோம் என்ற பட்டியலைத் திறந்து மேலிருந்து கீழே படித்தோம். நாங்கள் இரண்டு வருடத்துக்கு முன்பே விட்டுவிட்ட ஒரு சேவைக்கு எங்கள் எல்லா ரெப்போக்களிலும் எழுதும் உரிமை அப்படியே இருந்தது. அதை நீக்கிவிட்டுத்தான் கணினியை மூடினோம்.